முழுப்பேர்

பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
எங்கள் தோட்டத்தில் கூலி எவ்வளவு என்று கேட்பதில்லை,
பேர் போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள்.
போன மாதம் எனக்கு ஒன்பது அரைப்பேர்.
மழை. அப்புறம் அட்டை. அப்புறம்
புல்லு வெட்டாமல் காடாகிப்போன
ஏழாம் நம்பர் மலை.

ஹட்டனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்
இருபத்தொரு நாள் பயிற்சி.
படியெல்லாம் பெயின்ட் மணம்.
நஸ்லியா மிஸ் இடாப்பை விரித்து
ஒவ்வொரு பேராய் முழுசாக வாசித்தா.
"மாரிமுத்து பலவகொடி."
ஒருவரும் எழும்பவில்லை.
இரண்டாம் தரம் வாசித்தபோதுதான்
அது நான் என்று பிடிபட்டது.
பவளக்கொடியை
எந்தக் கந்தோரிலோ எவரோ அவசரத்தில்
முன்னெழுத்தைப் பின்னுக்கும்
பின்னெழுத்தை முன்னுக்கும் போட்டு எழுதியிருக்கிறார்.
பாஸ்போர்ட்டிலும் அவளே ஏறிக்கொண்டாள்.
திருத்தலாமா மிஸ்?
திருத்தலாம், கொழும்புக்கு நாலு தரம் போனால்.
ஏஜென்ட் தந்த முற்பணத்தில் பாதி
கூரைத் தகரமாகிவிட்டிருந்தது.
இருக்கட்டும் என்றேன்.

ஐந்தாம் நாள் வேக்கம் கிளீனர்.
கரண்ட் இல்லை.
சத்தத்தை நீங்களே போடுங்க என்றா மிஸ்.
பதினாறு பொம்பிளைகள்
உரச்சாக்கைக் கம்பளமாக விரித்து
செத்த மெஷினை மாறி மாறி இழுத்து
உர்ர்ர் என்று, உர்ர்ர்ர் என்று...
கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன்
தராசோடு ஏறிவந்து பார்த்துவிட்டுப் போனான்.
அவ்வளவு சிரித்து வருஷக்கணக்காகிறது.

தால் என்றால் வா.
ரூஹ் என்றால் போ.
மாஃபி, இல்லை. கலாஸ், முடிந்தது.
எனக்குச் சுகமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று
மஸ்கெலியாக்காரி ஒருத்தி கேட்டாள்.
மற்றச் சொற்களை ஒரு தரம் சொல்லவைத்த மிஸ்
அதை மட்டும் மூன்று தரம் சொல்லவைத்தா.

பதினெட்டாம் நாள் பரீட்சை.
ரப்பர்ப் பிள்ளை, இடது கையில் விரல் இல்லை.
முழங்கையால் சூடு பார்த்தேன்,
கழுத்தைத் தாங்கிப் பிடித்தேன்,
காதுக்குப் பின்னால் துடைத்தேன்.
இருபதுக்குப் பதினெட்டு.
பிள்ளையோடு ஒரு சொல்லும் பேசவில்லை என்று
இரண்டு குறைத்தார்கள்.
தோட்டமாயிருந்தால் முழுப்பேர்.

பிள்ளையைப் பார்க்கப் போவது யார் என்ற கோட்டில்
கொழுந்தியாள் பேரை எழுதினேன்.
மகனுக்கு அஞ்சு வயசு ரெண்டு மாசம்.
மூன்று மாசம் முந்தி வந்திருந்தால் கையெழுத்து வைத்திருக்கமாட்டேன்
என்றார் கிராம சேவகர்,
வாழ்த்துச் சொல்கிறவர்போல.

கடைசி நாள் மிஸ் பாடம் எடுக்கவில்லை.
சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே சொன்னா:
"எனக்கு முந்தி அந்த வீட்டில இருந்தவள் பேர் மரியம்.
அதனால நானும் எட்டு வருஷம் மரியம்.
கூப்பிட்டா உடனே திரும்பணும்.
திரும்பாட்டி
காது கேக்காதவளை அனுப்பிட்டாங்கன்னு
ஏஜென்டுக்கு கோல் எடுப்பாங்க."
வீட்டில் இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம்
பீலியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.
டிலுக்ஷன் லயத்து வாசற்படியில் நின்று கூப்பிட்டான்:
மரியம்!
தண்ணி விழுந்துகொண்டிருந்தது.
மரியம்!
பக்கத்து லயத்து நாய் தலையைத் தூக்கியது.
"அம்மா, நீங்க ஃபெயில்.
இன்னொருக்கா."
ஏழாம் நம்பர் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது,
சட்டியில் அடிப்பிடித்தது போக மறுத்தது.
மரியம்!

திரும்பினேன்.
கை தட்டினான்.